கேள்விக்குப் பிறகு மூன்று நொடி

(பினாங்கு மாநிலத்தின் பாகான் டாலாமில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2018 ஜூன் மாதம் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் ஒரு சிற்றூரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு அருகே வெளியகரம். அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு இடமாற்ற ஆணை வந்திருந்தது. அவர் புறப்பட எழுந்தபோது மாணவர்களும் மாணவிகளும் சூழ்ந்துகொண்டார்கள். கையைப் பிடித்து இழுத்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், வாசலைத் தாண்ட விடவில்லை. பெற்றோரும் பிள்ளைகளின் பக்கம் நின்றார்கள். கடைசியில் கல்வித்துறை அந்த ஆணையைப் பத்து நாள் நிறுத்தி வைத்தது. பகவானுக்கு அப்போது வயது 28.

அப்படி என்ன செய்தார் என்று செய்தியாளர்கள் விசாரித்தார்கள். கிடைத்த விடை எளிமையானது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலைமையும் அவருக்குத் தெரியும். பாடத்துக்கு நடுவே கதை சொல்வார், திரையில் படம் காட்டுவார், எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவார். அண்ணனைப் போல, நண்பனைப் போலப் பழகுவார். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவு’ கைவராமல் முப்பது ஆண்டு பணி செய்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

மென்திறன் என்று இன்று சொல்லப்படுவது இதைத்தான். மலேசியாவில் இது புதிய பேச்சும் இல்லை. உயர்கல்வி அமைச்சு 2006ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகங்களுக்காகக் ‘கெமாஹிரான் இன்சானியா’ என்று ஒரு பட்டியல் போட்டது. தொடர்பாடல், சிந்தித்துச் சிக்கல் தீர்த்தல், குழுவாகச் செயல்படல், வாழ்நாள் கற்றல், தொழில்முனைப்பு, தொழில் நெறி, தலைமைத்துவம் என ஏழு திறன்கள் அதில் இருந்தன. 2009இல் வந்த மலேசிய ஆசிரியர் தரம் மூன்று தரநிலைகளை வகுத்தது. பாட அறிவு இரண்டாவது. கற்பிக்கும் திறன் மூன்றாவது. முதலிடம் ஆசிரியரின் பண்புகளுக்கு. 2017இல் நடைமுறைக்கு வந்த மலேசியக் கல்வித் தரத்தின் இரண்டாம் அலை, வகுப்பறையில் ஆசிரியருக்கு ஐந்து வேலைகளைச் சொன்னது: திட்டமிடுவது, வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பது, வழிகாட்டுவது, ஊக்கமூட்டுவது, மதிப்பிடுவது. இவற்றில் எதையுமே பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு செய்துவிட முடியாது.

ஆக, என்ன வேண்டும் என்பது காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. ஆசிரியருக்கு அது எப்படி வந்து சேரும் என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

பொதுவாக நடப்பது இது. ஆண்டில் ஒரு நாள் மண்டபம் எடுப்பார்கள். தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் வருவார். பாட்டு, கைதட்டல், கண்ணை மூடித் தாயை நினைத்துக்கொள்ளச் சொல்லும் பத்து நிமிடம், கடைசியில் ஒரு சான்றிதழ். வந்தவர்கள் நெகிழ்ந்துதான் வீடு திரும்புவார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது அந்த நெகிழ்ச்சி என்ன செய்யும்? சைக்கிளைப் பற்றி உருக்கமாகப் பேசக் கேட்டுச் சைக்கிள் ஓட்டக் கற்றவர் இல்லை. மென்திறன் என்பது பழக்கம். பழக்கம் அதே இடத்தில், அதே வேலையில், பலமுறை செய்து பார்த்துத்தான் வரும்.

ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு சற்று நின்று பார்ப்போம்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு நேரத்தை அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பிள்ளை பதில் சொல்ல எவ்வளவு நேரம் கொடுக்கிறார்? சராசரியாக ஒரு நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுகிறார், வேறு பிள்ளையைக் கூப்பிடுகிறார், அல்லது தாமே விடையைச் சொல்லிவிடுகிறார். பிள்ளை பேசி முடித்த பிறகும் அதே கதை. அடுத்த நொடியில் ஆசிரியரின் குரல் வந்து விழுந்துவிடுகிறது. இன்னொன்றையும் ரோ கண்டார். கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு நொடி கிடைத்தது. மந்தமானவர்கள் என்று நினைத்த பிள்ளைகளுக்கு ஒரு நொடிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. யாருக்கு அதிக நேரம் வேண்டுமோ அவருக்குத்தான் குறைவாகக் கிடைத்தது.

அந்த இடைவெளியை மூன்று நொடிக்கு மேல் நீட்டப் பழகிய ஆசிரியர்களின் வகுப்பில் பல மாற்றங்கள் தெரிந்தன. பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பதும் வாய் திறக்காமல் நிற்பதும் குறைந்தன. கேட்காமலே பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் மறுமொழி சொன்னார்கள். மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் கை உயர்த்தினார்கள். ஆசிரியர்களிடமும் மாற்றம் வந்தது. கேள்விகளின் எண்ணிக்கை குறைந்து தரம் கூடியது. ‘இவன் தேற மாட்டான்’ என்று எண்ணியிருந்த பிள்ளையைப் பற்றிய கணிப்பும் மாறியது.

மூன்று நொடி பொறுப்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும். வகுப்பில் நின்று பார்த்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும். அமைதி ஆசிரியரைப் பயமுறுத்தும். பாடத்திட்டம் துரத்தும். பின்வரிசையில் சலசலப்புக் கிளம்பும். அந்த நெருக்கடியில் வாயை மூடிக்கொண்டு, முகத்தில் எரிச்சல் காட்டாமல், ‘நீ சொல்வாய், காத்திருக்கிறேன்’ என்று கண்ணால் சொல்லி நிற்பது பெரிய பயிற்சி. ரோவின் ஆசிரியர்களும் ஒரு நாள் உரையைக் கேட்டு அங்கே வந்து சேரவில்லை. சிறு குழுவுக்குப் பாடம் நடத்தி, அதைப் பதிவு செய்து, தம் குரலைத் தாமே கேட்டு, திருத்தித் திருத்தித்தான் வந்தார்கள்.

இதைப் பாகான் டாலாமில் நின்று பேசக் காரணம் உண்டு. துறைமுகமும் ரயில் நிலையமும் பெர்ரித் துறையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. மாக் மண்டினிலும் பிறையிலும் உள்ள தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோர் இங்கே நிறைய. தாய் காலையில் வீடு திரும்பும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்புகிறது. தந்தை வேலைக்குப் புறப்பட்ட பிறகு பிள்ளை வீட்டுக்கு வருகிறது. ஒரு நாள் முழுவதும் தான் சொல்வதைப் பெரியவர் ஒருவர் முழுதாகக் கேட்பது பள்ளியில் மட்டும்தான் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி இங்குள்ள ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இன்னொரு மேடும் உண்டு. ஆறாம் ஆண்டு வரை தமிழில் கேட்டுத் தமிழில் சிந்தித்த பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்மொழிக்குள் நுழைகிறது. மலாய்மொழியில் போதிய அடைவு இல்லாதவர்கள் ஓராண்டு பெராலிஹான் வகுப்பில் இருந்துவிட்டுப் போகும் ஏற்பாடும் இருக்கிறது. புது வகுப்பில் முதல் மாதத்தில் எழுந்து, பிழையாகவாவது ஒரு வாக்கியம் சொல்லத் துணியும் பிள்ளை தப்பித்துக்கொள்கிறது. வாயைத் திறக்காத பிள்ளை கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. அந்தத் துணிச்சலை யார் எப்போது கொடுப்பது? தொடக்கப்பள்ளியில், ‘தப்பாச் சொன்னாலும் பரவாயில்லைய்யா, சொல்லு’ என்று ஆறு ஆண்டும் காத்து நின்ற ஆசிரியர்தான் கொடுத்திருக்க முடியும். 2021இல் ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு கைவிடப்பட்ட பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. இப்போது ஆசிரியரே வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை இடுகிறார். பேசாத பிள்ளைக்கு எதை வைத்து அடைவுநிலை இடுவது?

இங்கே இரண்டு ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாமுவேல் ஐசாயா மலேசியர். பகாங் மாநிலம், முவாட்ஸாம் ஷா அருகே ரூஞ்சாங் தேசியப் பள்ளியில் ஓராங் அஸ்லி என்னும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தார். காட்டோரத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்கள் நடுவே, உகுலேலே என்ற சிறு நரம்புக் கருவியை எடுத்துக்கொண்டு பாடியே மொழியைக் கொண்டு சேர்த்தார். பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கருவிகள் வாங்கினார். ஆங்கிலத்தில் முப்பது விழுக்காட்டுப் பிள்ளைகள் தேறிக்கொண்டிருந்த பள்ளியில் அந்த எண் எண்பதைத் தாண்டியது. 2020இல் உலக ஆசிரியர் விருதின் இறுதிப் பத்துப் பேரில் அவர் ஒருவர்.

அந்த ஆண்டு விருதை வென்றவர் ரஞ்சித்சிங் டிசலே. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற ஊரின் தொடக்கப்பள்ளியில் அப்போது ஆசிரியராக இருந்தார். பள்ளிக் கட்டடம் மாட்டுக் கொட்டகைக்கும் சரக்கு அறைக்கும் நடுவே பாழடைந்து கிடந்தது. அதைவிடப் பெரிய தடை, பாடநூல் பிள்ளைகளின் தாய்மொழியில் இல்லை. அவர்கள் வீட்டில் பேசியது கன்னடம். டிசலே என்ன செய்தார்? முதலில் தாம் கன்னடம் கற்றார். பிறகு பாடங்களை அந்த மொழிக்கு மாற்றினார். கியூஆர் குறியீடு வைத்துப் பாட்டும் காணொளியும் கிடைக்கச் செய்தார். உலகம் கியூஆர் குறியீட்டைத்தான் பெரிதாகப் பேசியது. அதற்கு முந்திய படியே பெரிது. பிள்ளை தன்னிடம் வரட்டும் என்று காத்திராமல் தாம் பிள்ளையின் மொழிக்குப் போனார். பத்து லட்சம் டாலர் பரிசில் பாதியை மற்ற ஒன்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். அதில் ஒரு பங்கு சாமுவேலுக்கும் வந்தது.

இவர்களையெல்லாம் பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும்: ‘அவருக்கு அது கைவந்த கலை, நமக்கு வராது.’ பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொன்னால் தவறு என்று அறிந்தவர்களே தம்மைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். மொழி கற்பது, கருவி வாசிப்பது, வீட்டு நிலைமையைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வது, மூன்று நொடி பொறுப்பது எல்லாமே கற்றுக்கொள்ளக் கூடியவை.

நம் மண்ணிலும் இதற்கு வேர் உண்டு. 1816இல் நீரிணைக்கு அப்பால் ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கியபோது அங்கே ஒரு தமிழ் வகுப்பும் இருந்தது. அதைத் தொடக்கமாகக் கொண்டுதான் 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். இந்தக் கரையில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் பலர் முறையான பயிற்சி பெறாதவர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ கூட வாத்தியார் ஆனார். கல்வித் தரத்தில் அந்தப் பள்ளிகளுக்குப் பெரிய குறைகள் இருந்தன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வாத்தியார் லயத்துக்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், சண்டையில் நடுவராக நின்றார், திருவிழாவில் பிள்ளைகளை நாடகம் போட வைத்தார். பிள்ளையின் வீடு எது, அடுப்பு எரிகிறதா என்பது அவருக்குத் தெரியும். இன்றைய ஆசிரியர் பட்டதாரி. ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஆண்டுக்கணக்கில் பயின்றவர். கெலுகோரிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் அந்தக் கழகத்தின் வளாகங்கள் இருக்கின்றன. பயிற்சி கூடியது, பிள்ளையின் வீட்டை அறிவது குறைந்தது. தோட்டம் கலைந்து அடுக்குமாடிக்குக் குடி வந்த பிறகு, ஆசிரியரும் பெற்றோரும் ஒரே இடத்தில் வாழும் வாழ்க்கை போய்விட்டது. யார் மீதும் பழி இல்லை. ஆனால் அந்த நெருக்கத்தை இனி முயன்றுதான் உண்டாக்க வேண்டும்.

2020 மார்ச் 18 தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் இதை எல்லாருக்கும் காட்டியது. வீட்டிலிருந்து கற்றல் என்று அறிவித்தாயிற்று. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப் பையில். அப்போது எந்த ஆசிரியருக்குப் பிள்ளையின் தாயிடம் இயல்பாகப் பேசத் தெரிந்ததோ, அந்த வகுப்புப் பிள்ளைகள் கைநழுவவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு குரல் பதிவில் பாடம் அனுப்பியவர்களும், பயிற்சித் தாளை அச்சடித்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். குறை சொல்ல மட்டுமே பெற்றோரை அழைத்துப் பழகிய ஆசிரியர்களுக்கு அந்தக் காலம் கடினமாக இருந்தது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே ஏதோ வம்பு என்று பெற்றோர் எடுக்காமல் விட்டார்கள். பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்த நாளில் தாயை அழைத்து அதைச் சொல்வது இரண்டு நிமிட வேலை.

அடுத்து, ரோத்தான் என்னும் பிரம்பு. இதைப் பேசாமல் ஆசிரியரின் பண்பைப் பேச முடியாது. மாணவிகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்பது 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளிலேயே இருக்கிறது. மாணவர்களை அடிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. நினைத்த நேரத்தில் நினைத்த ஆசிரியர் கையோங்க விதி இடம் தரவில்லை. ‘எங்க காலத்துல அடிச்சாங்க, நாங்க உருப்பட்டோம்’ என்று சொல்லும் பெற்றோர் இந்த அவையிலும் இருக்கலாம். உருப்பட்டவர்கள்தான் இங்கே அமர்ந்து பேசுகிறார்கள். அடிக்குப் பயந்து நான்காம் ஆண்டிலேயே நின்றுவிட்டவர் இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒழுங்கான வகுப்பையும் ஒழுங்கற்ற வகுப்பையும் அவர் ஒப்பிட்டார். தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. தவறு நடப்பதற்கு முன் என்ன செய்தார் என்பதில்தான் வேறுபாடு. நல்ல ஆசிரியருக்கு வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருந்தது. அது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. பாடம் தொய்வில்லாமல் போனது. குறும்புக்கு இடமில்லாமல் போனது.

கோபமும் மென்திறனுக்குள் வரும். ஆசிரியரும் மனிதர்தான். கோப்புகள், இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவங்கள், போட்டிகள், கூட்டங்கள் எல்லாம் முடிந்து களைத்த உடம்போடு வகுப்புக்குள் நுழைகிறவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆசிரியரிடம் தலைமையாசிரியர் எப்படிப் பேசுகிறாரோ, அப்படித்தான் பிள்ளையிடம் ஆசிரியர் பேசுவார். கூட்டத்தில் அனைவர் முன்னிலும் அவமானப்படுத்தப்பட்டவர் அடுத்த பாடவேளையில் யார் மீது அதை இறக்கி வைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே இந்தப் பயிற்சி தலைமையாசிரியர் அறையில் தொடங்க வேண்டும். பள்ளித் தலைவர்களைப் பயிற்றுவிக்கும் அமினுடின் பாக்கி கழகத்தின் வடக்குக் கிளை ஜித்ராவில்தான் இருக்கிறது, அப்படி ஒன்றும் தூரமில்லை.

சரி, எப்படிச் செய்வது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்துவார். மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். அவர்கள் கண் ஆசிரியர் மீது இராது, பிள்ளைகள் மீது இருக்கும். எந்தப் பிள்ளை எப்போது விழித்தது, எப்போது முகம் மலர்ந்தது, யார் முழு நேரமும் பேசவே இல்லை என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள், பாடத்தைத் திருத்துவார்கள். மலேசியக் கல்வி அமைச்சும் நிபுணத்துவக் கற்றல் சமூகம் என்ற பெயரில் 2011 முதல் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தது. பல பள்ளிகளில் அது அறிக்கையாகவும் புகைப்படமாகவும் சுருங்கிவிட்டது. பதாகையைப் பிடித்துப் படம் எடுத்ததும் வேலை முடிந்தது என்று ஆகிவிடுகிறது. இது வருத்தத்துக்குரியது. அரசாங்கமே தந்த நல்ல கருவி அது.

சக ஆசிரியர் வகுப்பில் வந்து அமர்ந்தால் குறை கண்டுபிடிப்பார், மேலிடத்தில் சொல்வார் என்ற அச்சம் உண்மையானது. அதனால் இதில் புள்ளி போடக் கூடாது, கோப்பில் எழுதக் கூடாது. பார்க்கப் போகிறவரிடம் பாடம் நடத்துகிறவரே ஒரே ஒரு வேலை கொடுக்கலாம்: ‘கேள்வி கேட்டுட்டு நான் எத்தனை நொடி பொறுக்குறேன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க சார்.’ அல்லது, ‘இன்னிக்கு எந்தெந்தப் பிள்ளையோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், யார் பேரைச் சொல்லவே இல்லைன்னு குறிச்சுக் கொடுங்க டீச்சர்.’ அடுத்த மாதம் இடம் மாறிக்கொள்ளலாம். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த சிறிய பள்ளிகள் பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்துகொள்ளலாம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். பெரும்பாலானவை இந்தப் பெருநிலத்தில்தான் இருக்கின்றன. காரில் அரை மணி நேரத்துக்குள் ஒருவர் வகுப்புக்கு ஒருவர் போய்விடலாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தன்முனைப்பு மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கி வைத்திருக்கும் வெள்ளியை வேறு வகையில் செலவிடுங்கள். ஆசிரியர்கள் தம் வகுப்பைத் தாமே பதிவு செய்து கேட்க ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி வாங்கிக் கொடுங்கள். ஓய்வு பெற்ற நல்லாசிரியர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து வந்து இளம் ஆசிரியர்களோடு உட்கார வையுங்கள். தலைமையாசிரியர்களே, நேர அட்டவணையில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் மாதம் ஒரு பாடவேளையைச் சக ஆசிரியரின் வகுப்பில் அமர்வதற்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஆள் இல்லாத வகுப்புக்கு முதலில் நீங்கள் போய் நில்லுங்கள். ஆசிரியர்களே, நாளை காலை உங்கள் வகுப்பில் இதுவரை ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளையிடம் எளிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை பேசும் வரை காத்திருங்கள்.